ஆங்கில இலக்கணமும் ஸ்பெல்லிங்கும் நிஜமாகவே கெட்டுவிட்டனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கே திரும்பினாலும் ஆங்கிலப் பிழைகள் கண்ணில் படுகின்றன. மக்களுக்கு மொழியே மறந்துபோய்விட்டதா?

கண்ணில் படுவது அதிகமாகியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்தே மொழியறிவு குறைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

நாற்பது வருடங்களுக்கு முன் ஒரு சாதாரண வாசகர் ஒரு நாளில் எதையெல்லாம் படித்திருப்பார்? நாளிதழ், வார இதழ், புத்தகம், அலுவலகச் சுற்றறிக்கை. அத்தனையும் யாரோ எழுதி, வேறொருவர் திருத்தி, மூன்றாமவர் புரூஃப் பார்த்து வந்தவை. திருத்தப்படாத எழுத்து என்றால் வீட்டுக்கு வரும் கடிதமும் குறிப்புச் சீட்டும்தான். அவற்றில் பிழை இருந்தாலும் படித்தது ஒருவரோ இருவரோ.

இன்று நாம் படிப்பதில் பெரும்பகுதி, எழுதிய கையோடு அப்படியே நம்மிடம் வந்து சேர்கிறது. அன்று வாயால் பேசி முடித்திருக்கக்கூடிய விஷயங்களை இன்று தட்டச்சு செய்கிறோம். அன்று எழுதவே வாய்ப்பில்லாமல் இருந்தவர்கள் இன்று தினமும் எழுதுகிறார்கள். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போய்விட்டார். நாம் பார்த்துத் திகைக்கும் 'வீழ்ச்சி'யில் பெரும்பங்கு அந்தக் காலி நாற்காலிதான் என்பது என் கணிப்பு.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை எடுத்து, நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று வெவ்வேறு காலங்களில் எண்ணியிருக்கிறார்கள். 1917-இல் 2.11. 1930-இல் 2.24. 1986-இல் 2.26. 2006-இல் 2.45. கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகளில் நகர்ந்தது அவ்வளவுதான். அதுவும், ஒவ்வொரு ஆய்விலும் எதையெல்லாம் பிழை என்று எண்ணினார்கள் என்பது கொஞ்சம் மாறியிருக்கிறது. மேற்கோளுக்கு ஆதாரம் காட்டாமல் விடுவது 2006-இன் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது. 1917-இன் மாணவருக்கு அந்தக் கவலையே இருந்திருக்காது.

இதே ஆய்வுகளில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கட்டுரையின் சராசரி நீளம் 1917-இல் 162 சொற்கள், 1986-இல் 422, 2006-இல் 1,038. அதாவது மாணவர்கள் ஆறு மடங்குக்கு மேல் எழுதுகிறார்கள். பிழையின் விகிதமோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஒரு கட்டுரையில் இருக்கும் சிவப்பு மையின் மொத்த அளவு கூடியிருக்கும், அது உண்மை. ஆசிரியர் களைத்துப்போவதிலும் நியாயம் இருக்கிறது.

மாறியிருப்பது பிழையின் வகை. 1986-இல் ஸ்பெல்லிங் பிழைதான் மற்றெல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. 2006-இல் அது ஐந்தாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. முதலிடத்துக்கு வந்தது 'தவறான சொல்': ஸ்பெல்லிங் சரி, ஆனால் அங்கே வரவேண்டிய சொல் அது இல்லை. ஏன் என்பது பிழைதிருத்தி பற்றிய கேள்வியில் வருகிறது.

'எங்கள் காலத்தில் இப்படி இல்லை' என்று பெரியவர்கள் சொல்வது பொய்யா?

பொய்யில்லை, அவர்கள் நினைவில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புலம்பலுக்கு வயது முந்நூறுக்கு மேல்.

1712-இல் எழுத்தாளர் ஜோனாதன் ஸ்விஃப்ட், ஆங்கிலம் தறிகெட்டுப் போகிறது, அதைத் திருத்தி நிலைநிறுத்த அறிஞர் குழு ஒன்று வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். சொற்களை வெட்டிச் சுருக்கும் பழக்கம் அவருக்கு அறவே பிடிக்காது. கும்பலைக் குறிக்கும் 'மாப்' என்ற சொல் அப்போது புதிதாக வந்த சுருக்கம். அவர் வெறுத்த பட்டியலில் அதுவும் உண்டு. இன்று அதைச் சுருக்கம் என்றுகூட யாரும் நினைப்பதில்லை. அவர் கேட்ட குழுவும் அமையவில்லை.

அப்புறம் 1762-இல் ராபர்ட் லோத் என்பவர், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், ஓர் இலக்கண நூல் எழுதினார். அதில் பிழைக்கு உதாரணம் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஷேக்ஸ்பியர், மில்டன், கவிஞர் அலெக்சாண்டர் போப், பைபிள் மொழிபெயர்ப்பு. ஸ்விஃப்டும் அதில் மாட்டிக்கொண்டார்.

1874-இல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தார்கள். நல்ல பள்ளிகளில் படித்துவிட்டு வந்த பையன்களின் ஸ்பெல்லிங்கையும் நிறுத்தற்குறிகளையும் பார்த்துப் பேராசிரியர்கள் நொந்துபோனார்கள். 1975 டிசம்பரில் 'நியூஸ்வீக்' பத்திரிகை, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏன் எழுத வரவில்லை என்று அட்டைப்படக் கட்டுரையே போட்டது. அன்று எழுதத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கிய அந்தப் பிள்ளைகள்தான் இன்று இளைய தலைமுறையின் ஆங்கிலத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் வயதில் இருக்கிறார்கள்.

குறுஞ்செய்தி மொழிதானே எல்லாவற்றையும் கெடுத்தது?

இது பலரும் அடித்துச் சொல்லும் காரணம். ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை.

முதல் குறுஞ்செய்தி போனது 1992 டிசம்பரில். ஒரு செய்திக்கு 160 எழுத்து என்ற வரம்பு, ஓர் எண் பொத்தானில் மூன்று நான்கு எழுத்துகள் என்ற தொல்லை, இரண்டும் சேர்ந்து சுருக்கங்களைப் பெருக்கின. 'யூ' என்பதற்கு ஒற்றை எழுத்து, 'கிரேட்' என்பதற்குள் ஓர் எட்டு. பார்ப்பவர்களுக்கு மொழியே செத்துவிட்டது போலிருந்தது. பிரிட்டனில் கவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது வேறு மாதிரி வந்தது: சுருக்கங்களைத் தாராளமாகப் பயன்படுத்திய பிள்ளைகள் வாசிப்பிலும் ஸ்பெல்லிங்கிலும் பின்தங்கவில்லை, சில அளவைகளில் முன்னே இருந்தார்கள். யோசித்தால் இதில் வியப்பில்லை. ஒரு சொல்லின் ஒலியைப் பிரித்து, எந்த எழுத்தை விட்டாலும் புரியும் என்று கண்டுபிடிக்க, அந்தச் சொல்லின் ஒலி பிடிபட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. 'ஓ.எம்.ஜி.' என்ற சுருக்கம் கைபேசியின் குழந்தை என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1917-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

குறுஞ்செய்தியால் வந்த உண்மையான சிக்கல் வேறு: எந்த இடத்தில் எந்த நடை என்ற எல்லை மங்கிவிட்டது. நண்பனுக்கு எழுதும் அதே விரல்கள் அதே திரையில் மேலதிகாரிக்கும் எழுதுகின்றன. தெரியாமல் வரும் பிழையைவிட, இடம் மாறி வரும் பிழைதான் இங்கே அதிகம்.

பிழைதிருத்தி எல்லா இடத்திலும் இருக்கிறதே, பிறகு ஏன் பிழை?

பிழைதிருத்தி இருப்பதால்தான் சில பிழைகள் வருகின்றன. பழைய மென்பொருள்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: இந்தச் சொல் என் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? 'சமாதானம்' என்ற 'பீஸ்' வரவேண்டிய இடத்தில் 'துண்டு' என்ற 'பீஸ்' வந்தால், இரண்டும் பட்டியலில் இருப்பதால் வாயை மூடிக்கொண்டு விட்டுவிடும். சிவப்புக்கோடு வரவில்லை, அதனால் சரி என்று நாமும் அனுப்பிவிடுகிறோம். ஸ்பெல்லிங் பிழை ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, தவறான சொல் முதலிடத்துக்கு ஏறிய கதை இதுதான்.

அதோடு, தானாகவே மாற்றிவிடும் வசதி. ஒத்துழைப்பு என்று பொருள்படும் 'கோஆபரேஷன்' என்ற சொல்லை நடுவில் கோடு போடாமல் எழுதினால், அந்தக் காலத்துப் பிழைதிருத்திகள் சில அதை 'கூப்பர்டினோ' என்று மாற்றச் சொல்லின. அது கலிஃபோர்னியாவில் உள்ள ஓர் ஊர். ஐக்கிய நாடுகள் சபை, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் ஆவணங்களில்கூட நாடுகளுக்கிடையே 'கூப்பர்டினோ' வளர்க்கப்பட்டிருக்கிறது. இந்த வகைப் பிழைக்கே அந்த ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள்.

இன்றைய கருவிகள் சுற்றியிருக்கும் சொற்களையும் பார்க்கின்றன, எவ்வளவோ மேல். ஆனால் திருத்த ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் திரும்பப் படிக்கும் பழக்கம் தளர்ந்துபோகிறது. உண்மையில் குறைந்திருப்பது எது என்று என்னைக் கேட்டால் இந்தப் பழக்கத்தைத்தான் சொல்வேன்.

நன்றாகப் படித்தவர்களே மூன்று 'தெயர்'களையும் குழப்புகிறார்களே, அது எப்படி?

'அங்கே' என்பதற்கு ஒன்று, 'அவர்களுடைய' என்பதற்கு ஒன்று, 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதன் சுருக்கமாக ஒன்று. மூன்றுக்கும் ஒலி ஒன்றே. வேகமாக எழுதும்போது மனம் ஒலியைத்தான் விரலுக்கு அனுப்புகிறது. விரல், அதிகம் பழகிய வடிவத்தைத் தட்டிவிடுகிறது. எழுதியவரை நிறுத்திக் கேட்டால் மூன்றுக்கும் வித்தியாசம் சரியாகச் சொல்வார். இது அறியாமைக் கணக்கில் சேராது. கைத்தவறுக் கணக்கு.

'செய்திருக்கலாம்' போன்ற பொருளில் வரும் 'குட் ஹேவ்' என்பதை 'குட் ஆஃப்' என்று எழுதுவது கொஞ்சம் வேறு. பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து 'அவ்' ஆகிறது. 'ஆஃப்' என்பதும் தேய்ந்து அதே 'அவ்' ஆகிறது. காதால் மட்டுமே இந்தத் தொடரைக் கற்றவர்கள், கேட்டதை நேர்மையாக எழுதுகிறார்கள். அச்சில் அதிகம் படித்தவர்களுக்கு இந்தப் பிழை குறைவாக வரும். பேச்சு வழியாக மட்டுமே மொழி பழகியவர்களும் இப்போது நிறைய எழுதுவதால் இது அடிக்கடி கண்ணில் படுகிறது.

ஆங்கில ஸ்பெல்லிங்கே குழப்பம்தானே? அதன் மேல் பழி போடக் கூடாதா?

தாராளமாகப் போடலாம்.

வில்லியம் கேக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சு வந்ததும் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. போதாத காலம், ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்துகொண்டிருந்ததும் அதே நூற்றாண்டுகளில்தான். உச்சரிப்பு நகர்ந்து போய்விட்டது, எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 'நைட்' என்ற போர்வீரனின் முன்னால் நிற்கும் 'கே', நடுவில் நிற்கும் 'ஜி, எச்' எல்லாம் ஒருகாலத்தில் வாய்விட்டு உச்சரிக்கப்பட்டவை.

இது போதாதென்று அறிஞர்களும் கை வைத்தார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' இல்லாமல்தான் இருந்தது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று கொண்டுவந்து செருகினார்கள். 'ஐலண்ட்' என்பதில் இருக்கும் 'எஸ்' இன்னும் மோசம்: அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்ததே அல்ல, இருந்தும் லத்தீன் சொல்லைப் பார்த்து ஒட்டவைத்தார்கள். அதாவது, இன்று 'எஸ்' போடாமல் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பது, அறிஞர்களின் பிழையைப் பின்பற்றாததற்காக.

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தொடக்கநிலை வாசிப்பை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003-இல் வந்தது. முதல் வகுப்பு முடிவில் ஃபின்னிஷ், கிரேக்கம், ஸ்பானிஷ் படிக்கும் குழந்தைகள் பழகிய சொற்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் வாசித்தது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. குழந்தைகள் மந்தமா, எழுத்துமுறை மந்தமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படியென்றால் ஸ்பெல்லிங்கைச் சீர்திருத்த வேண்டியதுதானே?

பலர் முயன்றார்கள். அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவில் பாதி ஜெயித்தார்: 'கலர்' என்பதிலிருந்து 'யு' போனது, 'சென்டர்' என்பதன் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறின. நாக்கைக் குறிக்கும் 'டங்' என்ற சொல்லை ஒலிக்கும்படியே நான்கெழுத்தில் எழுதலாம் என்ற அவரது யோசனையை யாரும் ஏற்கவில்லை.

1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், முந்நூறு சொற்களுக்கு எளிய ஸ்பெல்லிங்கைப் பயன்படுத்துமாறு அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். பின்னால் பணம் போட்டுக்கொண்டிருந்தவர் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி. பத்திரிகைகள் கிண்டல் செய்தே தீர்த்துவிட்டன; பிரதிநிதிகள் சபை எதிர்த்து வாக்களித்தது; அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபர் பின்வாங்கினார். ஏற்கெனவே கற்றுவிட்டவர்களுக்கு மாற்றத்தில் லாபமில்லை. கற்கப்போகும் குழந்தைகளுக்கு ஓட்டு இல்லை.

பள்ளிகளில் இலக்கணம் சொல்லித்தருவதை விட்டுவிட்டதுதான் காரணமா?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960-களுக்குப் பிறகு வாக்கியத்தைப் பிரித்து உறுப்புகளுக்குப் பெயர் சூட்டும் பழைய பாடம் குறைந்தது உண்மை. ஆனால் அது சோம்பலால் நடக்கவில்லை. இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்துவதால் பிள்ளைகளின் எழுத்து மேம்படுவதாகத் தெரியவில்லை என்று 1963-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. 2004-இல் யார்க் பல்கலைக்கழகம் செய்த மறுபரிசீலனையும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

பிறகு ஊசல் திரும்பியது. இங்கிலாந்தில் 2013 முதல் தொடக்கப்பள்ளி முடிவில் இலக்கணம், நிறுத்தற்குறி, ஸ்பெல்லிங் மூன்றுக்கும் தனித் தேர்வு. பத்து வயதுப் பிள்ளைகள் வினையடைத் தொடர்களை அடையாளம் காண்கிறார்கள், அவர்கள் பெற்றோர் விழிக்கிறார்கள். உறுப்புக்குப் பெயர் சொல்லத் தெரிவதும் நல்ல வாக்கியம் எழுதத் தெரிவதும் வேறு வேறு திறமைகள். இரண்டாவதற்கு எழுத வேண்டும், யாராவது படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், மறுபடியும் எழுத வேண்டும். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எந்த ஆசிரியருக்கும் கடினம்.

நாளிதழ்களிலும் பிழை வருகிறதே, அவர்களுக்குமா தெரியாது?

தெரியும். ஆள் இல்லை. விளம்பர வருமானம் சரிந்தபோது பல பத்திரிகைகளில் முதலில் கத்தி விழுந்தது துணையாசிரியர் மேசைமேல். 2017-இல் 'நியூயார்க் டைம்ஸ்' தன் தனிப் பிரதி திருத்தும் பிரிவையே கலைத்தது. ஊழியர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இணையத்தில் முதலில் போட்டுவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது. இங்கே நிஜமாகவே தரம் இறங்கியிருக்கிறது, மழுப்பத் தேவையில்லை.

ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் பெருகியதாலா?

உலகில் ஆங்கிலம் பேசுபவர்கள் சுமார் 150 கோடி என்று கணக்கிடுகிறார்கள். அதில் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 40 கோடிக்கும் குறைவு. எனவே வெவ்வேறு மொழிகளின் சாயல் விழத்தான் செய்யும். ஆனால் மேலே சொன்ன 'தெயர்' குழப்பமும் 'குட் ஆஃப்' பிழையும் பெரும்பாலும் தாய்மொழிக்காரர்களின் சொத்து. கண்ணால் பார்த்து மொழியைக் கற்றவர்களுக்கு அவை அவ்வளவாக வருவதில்லை. நமக்கு வருவது 'இன்', 'ஆன்' போன்ற முன்னிடைச்சொல்லிலும் 'தி' போடுவதா வேண்டாமா என்பதிலும்.

எது பிழை, எது மொழியின் மாற்றம் என்று எப்படிப் பிரிப்பது?

ஒரே ஒரு கேள்வி எனக்கு உதவுகிறது: இந்த 'விதி' எங்கிருந்து வந்தது?

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று பலருக்கும் பாடம். 1672-இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர், பென் ஜான்சனின் எழுத்தில் குறையாகக் காட்டியது அது. ஆங்கிலம் அதற்கு முன்பும் அப்படி முடித்தது, பின்பும் முடிக்கிறது. 'டு'வுக்கும் வினைச்சொல்லுக்கும் இடையில் வேறு சொல் வரக்கூடாது என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்ற தடை. 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே'யை ஒருவரைக் குறிக்க ஒருமையில் பயன்படுத்துவது இன்றைய நாகரிகம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே அது எழுத்தில் இருக்கிறது, ஷேக்ஸ்பியரிடமும் ஜேன் ஆஸ்டனிடமும் உண்டு. இரட்டை எதிர்மறையும் ஒருகாலத்தில் அழுத்தம் கொடுக்க எல்லோரும் பயன்படுத்தியதுதான். ஆனால் இன்று முறையான எழுத்தில் அதை எழுதினால் பிழை என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்த விதி நிலைத்துவிட்டது.

படிப்பவர் தடுக்கி விழுந்து, திரும்பிப் போய் மறுபடி படிக்க வேண்டியிருந்தால் அது பிழை. பொருள் தெளிவாக இருந்து, விதி மட்டும் முறைத்துப் பார்த்தால், விதியின் ஜாதகத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்பாஸ்ட்ரஃபி ஒழிந்துவிடுமா?

எழுத்துக்கு மேலே தொங்கும் அந்தச் சின்னக் குறி ஒழியாது, ஆனால் எப்போதுமே அது நிலையாக நின்றதில்லை. 'அதனுடைய' என்ற பொருள் தரும் 'இட்ஸ்' இன்று அப்பாஸ்ட்ரஃபி இல்லாமல் எழுத வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் பலர் அதைப் போட்டே எழுதினார்கள். உயிரெழுத்தில் முடியும் அயல்சொற்களின் பன்மைக்கும் அன்று அது வழக்கம். இன்று கடைப்பலகையில் அதே பன்மைக்குப் போட்டால் சிரிக்கிறோம். அமெரிக்காவின் இடப்பெயர் வாரியம் 1890 முதலே ஊர்ப்பெயர்களிலிருந்து அதை நீக்கி வருகிறது. பிரிட்டனில் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் ஜான் ரிச்சர்ட்ஸ் 2001-இல் அப்பாஸ்ட்ரஃபியைக் காக்க ஒரு சங்கம் தொடங்கி, அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி 2019-இல் தன் தொண்ணூற்றாறாம் வயதில் மூடினார். பிறகு வேறொருவர் வந்து மறுபடி திறந்துவிட்டார்!

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கேள்விக்கே இடமில்லையே?

மேற்பரப்புப் பிழைகள் குறையும். அதனால் பிழையில்லாத ஆங்கிலம் என்பது எழுதியவரின் அறிவுக்கு அடையாளமாக இருந்த நிலையும் மாறும். நேர்த்தியான இலக்கணத்தில் வெறுமையான பத்திகள் இப்போதே நிறைய வரத் தொடங்கிவிட்டன. அவற்றைவிட ஓரிரு பிழையோடு சொல்ல ஏதோ இருக்கும் மின்னஞ்சலை நான் விரும்பிப் படிப்பேன்.

பிறர் எழுத்தில் பிழை கண்டால் திருத்தலாமா?

அவர் கேட்டிருந்தால் திருத்துங்கள். அச்சுக்குப் போகிறது, சான்றிதழில் ஏறுகிறது, மருந்தின் அளவைச் சொல்கிறது என்றால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், தனியாக. வாக்குவாதத்தின் நடுவில் எதிராளியின் ஸ்பெல்லிங்கைப் பிடித்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

திருத்தும் முன் ஒருமுறை சரிபார்த்தும் கொள்ளுங்கள். 1992 ஜூனில் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல் ஒரு பள்ளிக்குப் போனார். பன்னிரண்டு வயது மாணவன் கரும்பலகையில் உருளைக்கிழங்குக்கான 'பொட்டேட்டோ'வைச் சரியாகத்தான் எழுதினான். கடைசியில் ஓர் 'இ' சேர்க்கச் சொன்னவர் துணை அதிபர். அவர் கையில் பள்ளி கொடுத்திருந்த அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருந்தது.